கையெழுத்திடத் தெரியாதவரின் காணி உறுதி

வாசகர் கேள்வி – பதில்

கியூபெக் மாகாணத்தின் பழைய பிரெஞ்சுக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட வாசகர்கள் சிலர், தங்கள் பிள்ளைகளின் மறுபாதி வேரை அறிய விரும்பி எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் இவ்விதழின் பக்கத்தை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவரின் பூட்டனார் ரிஷலியூ ஆற்றங்கரையில் கமம் செய்தவர். 1889ஆம் ஆண்டளவில் அவர் திருமணம் செய்தார் என்பதும், மனைவியின் பெயர் மரி என்பதும் தவிர வேறொன்றும் குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை. அவருக்கு முந்தியவர்களைத் தேடுவதானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? – வாசகி, மொன்றியல்

பதில்: மரி என்ற பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அக்காலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் திருமுழுக்கின்போது முதற்பெயராக மரி என்றும், ஆண் குழந்தைகளுக்கு ஜோசப் என்றும் இட்டு, அடுத்து ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தையின் பெயரைச் சேர்த்து, கடைசியிலேயே வீட்டில் அழைக்கும் பெயரை எழுதுவது வழக்கமாக இருந்தது. ஆகவே அந்தப் பெயர் உங்களுக்கு உதவாது. உதவப்போவது 1889 என்ற ஆண்டு.

கியூபெக்கில் வம்சாவளி தேடுவோருக்குத் திருமணப் பதிவே முதுகெலும்பு. பங்குத்தந்தை எழுதிய திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய பெற்றோரின் பெயர்களும் இருக்கும். அதிலும் தாய்மாரின் பெயர்கள் அவர்கள் பிறந்த குடும்பத்தின் பெயரோடு இருக்கும். பிரெஞ்சு வழக்கப்படி பெண் திருமணத்துக்குப் பின்னரும் சட்ட ஆவணங்களில் தன் பிறந்தவீட்டுப் பெயரையே தாங்கினாள். அவளுடைய அடக்கப் பதிவிலும் அதே பெயர்தான் வரும். வேறு பல நாடுகளில் பெண்வழியில் தேடுவோர் திருமணத்தோடு காணாமற்போகும் பாட்டிகளைத் துரத்திக் களைத்துப்போக, இங்கே தாய்வழியும் தந்தைவழியைப் போலவே தெளிவாகத் துலங்குகிறது. 1889ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்துவிட்டால் பூட்டனாரின் பெற்றோர் யாரென்று தெரிந்துவிடும். அவர்களுடைய திருமணத்தை அதற்கு இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் முன்னே தேடுங்கள். இப்படி ஏழெட்டுத் திருமணங்களைத் தாண்டினால் கப்பலிலிருந்து இறங்கிய மனிதர் முன்னால் வந்து நிற்பார்.

திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில், அதாவது அவளுடைய ஊர்த் தேவாலயத்தில், நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். மணமகனின் ஊரில் பதிவு இல்லையென்றால் அக்கம்பக்கத்துப் பங்குகளைப் பாருங்கள். மணமகள் வேறோர் ஆற்றங்கரைக்காரியாகக்கூட இருக்கலாம். இன்னொரு பொறியும் உண்டு. மணமகனோ மணமகளோ முன்பே மணமாகித் துணையை இழந்தவரானால், பதிவில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயர் மட்டுமே இருக்கும். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும். இதை அறியாமல், ஒரு நண்பருக்காகத் தேடியபோது நான் ஒரு குளிர்காலம் முழுவதையும் வேறொரு குடும்பத்தின் பின்னால் செலவழித்திருக்கிறேன்.

திருமுழுக்குப் பதிவை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை இடுவது சாதாரணமாக இருந்தது. நீங்கள் கண்டுபிடித்த ஜோசப் மூன்று வாரத்தில் அடக்கம் செய்யப்பட்டவராகவும், உங்கள் ஜோசப் ஈராண்டு கழித்துப் பிறந்த தம்பியாகவும் இருக்கக்கூடும்.

இவ்வளவு பதிவுகள் தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கியூபெக் நகரத்துப் பங்கின் பதிவேடு 1621இல் தொடங்குகிறது. 1640இல் தேவாலயம் தீப்பிடித்து ஏடுகள் சாம்பலாகிவிட, ஊரார் நினைவைக் கேட்டு அவற்றை மறுபடி எழுதினார்கள். 1679 முதல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு படிகள் எழுதி, ஒன்றைப் பங்கிலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தேவாலயம் எரிந்தாலும் நீதிமன்றப் படி தப்பியது. 1760இல் ஆட்சி பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னரும் பாதிரிமார் இந்த முறையிலேயே எழுதிவந்தார்கள். 1994இல் புதிய குடியியல் சட்டக்கோவை வரும்வரை பங்குப் பதிவேடே அரசின் பதிவேடாகவும் இருந்தது.

நூறாண்டு கடந்த பதிவேடுகள் கியூபெக் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்தில் கணக்குத் திறந்தால் பங்குப் பதிவேடுகளின் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். துரூவான் நிறுவனம் 1940களில் இந்த ஏடுகளை நுண்படச் சுருள்களாக எடுத்து வைத்தது. இன்று அத்தொகுப்பைச் சந்தா செலுத்திப் பயன்படுத்தலாம். 18ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்த பிறகு, மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டத்தின் தரவுத்தளம் உங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடும். அங்கே தனித்தனிப் பதிவுகள் குடும்பங்களாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் தரவுத்தளம் சொன்னதை மூலப் படத்தில் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். எழுத்தைப் பெயர்த்து எழுதியவரும் மனிதர்தான்.

கேள்வி: என் மருமகனின் மூதாதையர் ஒருவர் ஒரு பதிவில் ஊடோன் என்றும் இன்னொன்றில் போலியூ என்றும் வருகிறார். தந்தை, தாய், ஊர் எல்லாம் ஒன்றே. இவர்கள் இருவரா, ஒருவரா?

பதில்: ஒருவர்தான். முழுப்பெயர் 'ஊடோன் தி போலியூ' என்றிருந்திருக்கும். 'தி' என்ற அச்சிறு பிரெஞ்சுச் சொல்லுக்கு 'எனப்படும்' என்று பொருள். பழைய கியூபெக் குடும்பங்களில் இப்படி இரட்டைப் பெயர் தாங்கியவை ஏராளம்.

படையில் சேர்ந்தவருக்குப் படைப்பெயர் ஒன்று இடுவது பிரெஞ்சு இராணுவ வழக்கம். 1665இல் கரிஞான்–சலியேர் படைப்பிரிவில் வந்த ஏறத்தாழ 1,200 வீரர்களில் 400 பேரளவில் பின்னர் காணி பெற்றுக் குடியேறினார்கள். இளமை, மலர், கவலையற்றவன் என்றெல்லாம் பொருள்தரும் அவர்களுடைய படைப்பெயர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. வேறு சில பெயர்கள் காணியின் இயல்பிலிருந்து வந்தவை. மிவீல் குடும்பத்தில் ஒரு கிளை, கருவாலி மரங்களைக் குறிக்கும் தெஷேன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டது. அண்ணன் முதற்பெயரையும் தம்பி இரண்டாம் பெயரையும் வைத்துக்கொண்டு பிரிவதும் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'தி' மெல்ல மறைந்து, ஏதாவது ஒரு பாதி மட்டும் எஞ்சியது. எனவே தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார், திருத்திச் சொல்ல எதிரே நின்றவருக்கு எழுத்துத் தெரியாது.

கேள்வி: மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லோவல் நகரத்திலிருந்து எழுதுகிறேன். என் மருமகளின் குடும்பப் பெயர் கிறீன்வுட். அது ஆங்கிலப் பெயராக இருந்தும், தாங்கள் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் என்கிறார்கள். அது எப்படிப் பொருந்தும்?

பதில்: நன்றாகவே பொருந்தும். புவாவேர் என்ற பிரெஞ்சுப் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கினால் கிறீன்வுட். றுவா கிங் ஆனார். லுபிளான் வைற் ஆனார். குட்டைக் கைச்சட்டை என்று பொருள்படும் கூர்த்தமான்ஷ் ஷோர்ட்ஸ்லீவ் ஆகிவிட்டார். 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றார்கள். ஆற்றோரக் காணிகள் நிறைந்துவிட்டன, பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், கடனும் சேர்ந்துவிட்டது. லோவல், மான்செஸ்ரர், வூன்சொக்கெற் ஆகிய அமெரிக்க நகரங்களின் ஆலைகள் வாரக் கூலி கொடுத்தன. மருமகளின் குடும்பத்தார் பெரும்பாலும் லோவலில் பிரெஞ்சுக்காரருக்கென அமைந்த கத்தோலிக்கப் பங்கிலேயே திருமணம் செய்திருப்பார்கள். அந்தப் பதிவில் பெற்றோர் பெயர் பிரெஞ்சிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து எல்லையைக் கடந்துவிடலாம். பழைய பிரெஞ்சு–அமெரிக்கக் குடும்பங்களுக்காகவே வூன்சொக்கெற்றிலும் மான்செஸ்ரரிலும் வம்சாவளிச் சங்கங்கள் இருக்கின்றன.

கேள்வி: எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்தத் தேடலில் இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். பங்குப் பதிவுகள் ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டவை. முப்பது சொற்கள் தெரிந்தால் ஒரு திருமணப் பதிவைப் படித்துவிடலாம்: மகன், மகள், விதவை, காலஞ்சென்ற, இப்பங்கைச் சேர்ந்த, உரிய வயதடையாத என்பன போன்றவை. ('உரிய வயது' என்பது பிரெஞ்சு ஆட்சியில் 25.) சொல்லைவிடக் கையெழுத்தே கடினம், ஒரு குருவானவரின் கையெழுத்துக்குக் கண் பழகும்வரை அவருடைய பத்துப் பக்கங்களைத் தொடர்ந்து பாருங்கள். பதிவின் முடிவில் 'கையெழுத்திடத் தெரியாதென்று கூறினார்கள்' என்ற வரியை அடிக்கடி காண்பீர்கள். மணமக்களின் உறவைக் குறிக்கும் விலக்குக்கும் ஒரு கண் வையுங்கள். நான்கு படிவரை உறவுடையோர் மணம்புரிவதைத் திருச்சபை தடுத்திருந்தது. அதற்கு ஆயரிடம் விலக்குப் பெற்றிருந்தால் எத்தனையாம் படி என்று பதிவிலேயே எழுதியிருப்பார்கள். நான்காம் படி என்றால் இருவருக்கும் பொதுவான தம்பதியர் நான்கு தலைமுறைக்கு மேலே இருக்கிறார்கள். நீங்கள் வரைந்த வம்சமரத்தில் அப்படி ஒரு தம்பதியர் தென்படவில்லையானால் எங்கோ ஒரு கிளையைத் தவறாக ஒட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த வம்சமரம் ஒன்று, என் மனைவியின் குடும்பத்தைப் பிரான்சின் பிரபு வம்சம் ஒன்றோடு இணைக்கிறது. நம்பலாமா? கப்பலில் வந்தவரின் பிரெஞ்சு ஊரை அறிய வழி உண்டா?

பதில்: முதற்கேள்விக்கு, நம்ப வேண்டாம் என்பதே என் பதில். பிரபு வம்சத்தில் பிறந்தவர் எவரும் வந்து குடியேறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூலப் பதிவைக் காட்டாத வம்சமரம் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படுகிறது. நூறு மரங்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும் அவை நூறு சாட்சிகள் ஆகா. அச்சில் வந்தவற்றையும் அளவோடுதான் நம்ப வேண்டும். சிப்ரியான் தாங்கே என்ற குருவானவர் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் வெளியிட்ட வம்சாவளி அகராதி தனிமனித உழைப்பின் உச்சம். அதில் பிழைகளும் பல. 1730 வரையான குடும்பங்களுக்கு 1983இல் வெளிவந்த றெனே ஜெத்தேயின் அகராதியே கைக்கொள்ளத் தக்கது.

இரண்டாவது கேள்விக்கு வழி உண்டு. குடியேறியவர் கியூபெக்கில் மணம்புரிந்திருந்தால், அவருடைய திருமணப் பதிவோ அதற்கு முன்னர் நொத்தாரிசு எழுதிய திருமண ஒப்பந்தமோ பிரான்சில் அவருடைய பங்கையும் மறைமாவட்டத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடும். நோர்மண்டி, பெர்ஷ், புவாத்து, லா ரொஷேல் துறைமுகத்தைச் சூழ்ந்த ஓனிஸ் ஆகிய பகுதிகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 1663 முதல் 1673 வரை அரசரின் செலவில் மணப்பெண்களாக அனுப்பப்பட்ட ஏறக்குறைய 770 பெண்கள் 'அரசரின் புதல்வியர்' எனப்படுகிறார்கள். பாரிஸ் நகரத்து ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் பலர். குடியேறியோரின் பிரெஞ்சுப் பதிவுகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தொகுக்கும் 'ஃபிஷியே ஒரிஜின்' என்ற தரவுத்தளத்தை முதலில் பாருங்கள். பின்னர் உரிய பிரெஞ்சு மாவட்டத்தின் ஆவணக் காப்பகத் தளத்தில் மூலத்தைத் தேடலாம்.

பிரபுவுக்குப் பதிலாக ஒரு தச்சர் கிடைத்தால் வருந்தாதீர்கள். பெர்ஷ் பகுதியிலிருந்து 1634இல் வந்த சக்கரி குளூத்தியே என்ற தச்சருக்குக் கையெழுத்திடத் தெரியாது. ஆவணங்களில் தன் பெயருக்குப் பதிலாக ஒரு கோடரியை வரைந்தார். 1800ஆம் ஆண்டுக்குள்ளேயே அவருடைய வழித்தோன்றல்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். உங்கள் மனைவியின் மரத்திலும் அந்தக் கோடரி எங்காவது இருக்கக்கூடும்.

கேள்வி: பன்னிரண்டு தலைமுறைப் பெயர்களும் திகதிகளும் கிடைத்துவிட்டன. எல்லாரும் கமக்காரர் என்பதைத் தவிர அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இதற்கு மேல் அறிய இடமுண்டா?

பதில்: உண்மையான தேடல் இனிமேல்தான் தொடங்குகிறது. பாதிரியார் ஒரு மனிதரின் பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்று நாட்களை மட்டும் எழுதினார்; இடைப்பட்ட நாட்களை எழுதியவர் நொத்தாரிசு. வம்சாவளி தேடுவோரிற் பலர் பெயர்கள் கிடைத்ததும் நொத்தாரிசின் வாசலை எட்டிப்பாராமலே திரும்பிவிடுவது எனக்கு நீண்டநாள் ஆதங்கம்.

முதலில் காணியைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியில் நிலம் சென்யர் எனப்பட்ட பிரபுவிடம் வழங்கப்பட்டு, அவரிடமிருந்து கமக்காரருக்குப் பங்கிடப்பட்டது. காணியை நிலையாகப் பெற்று ஆண்டு வரி செலுத்தியவருக்கு 'அபித்தான்' என்று பெயர். பிரான்சில் ஏழைக் குடியானவரைக் குறித்த சொல்லால் தன்னை அழைப்பதை அவர் விரும்பவில்லை. உங்கள் பதிவுகளில் பழைய தலைமுறைகளுக்கு 'அபித்தான்' என்றும் 19ஆம் நூற்றாண்டில் 'குல்திவத்தேர்' என்றும் தொழில் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டும் கமக்காரரையே குறிக்கின்றன. ஏறக்குறைய 58 மீற்றர் கொண்ட ஆர்பான் என்ற அளவில், மூன்று ஆர்பான் அகலமும் முப்பது முதல் நாற்பது ஆர்பான் நீளமும் உள்ள நாடாப் போன்ற துண்டு ஆற்றங்கரையிலிருந்து காட்டை நோக்கி நீளும். ஆறே தெருவாக இருந்த காலத்தில் எல்லாருக்கும் கரை வேண்டும். வீடுகளும் அயலருகே அமையும். முதல் வரிசை நிரம்பியதும் அதன் பின்னால் இரண்டாம் வரிசை வகுக்கப்பட்டது. விமானத்திலிருந்து பார்த்தால் சென் லோரன்ஸ் ஆற்றின் இருமருங்கிலும் அந்தக் கோடுகள் இன்றும் தெரிகின்றன.

காணி வழங்கிய உறுதியில் ஆண்டு வரி எவ்வளவு, எந்நாளில் செலுத்த வேண்டும் (பெரும்பாலும் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள்) என்பவையும், தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்துப் பதினான்கில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் இருக்கும். அயற்காணிக்காரரின் பெயர்கள் இருபுறமும் எழுதப்பட்டிருக்கும். மருமகள் எந்த வேலிக்கு அப்பாலிருந்து வந்தாள் என்பதைப் பல தடவை அங்கேயே கண்டுகொள்ளலாம். ஓர் உறுதி தனக்கு முந்திய உறுதியை, எழுதிய நொத்தாரிசின் பெயரோடும் திகதியோடும் சுட்டும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே முதல் மரம் வெட்டியவர் வரை போகலாம். பிரபுவுக்கு வரி செலுத்திக் காணி வைத்திருக்கும் இந்த முறை 1854இல் ஒழிக்கப்பட்டது; அப்போது ஒவ்வொரு காணிக்காரரையும் பெயர் குறித்துத் தயாரித்த, நம்மவர் தோம்பு என்று சொல்லும் வகையான பதிவேடுகளும் பார்க்கத் தக்கவை.

குடித்தொகைக் கணக்கெடுப்புகளும் கமத்தைக் காட்டும். 1666இல் பிரெஞ்சு நிருவாகி ஜான் தலோன் எடுத்த கணக்கில் ஆட்கள் மட்டும் உள்ளனர். 1667, 1681 கணக்குகளில் எத்தனை மாடு, வெட்டித் திருத்திய நிலம் எத்தனை ஆர்பான் என்பனவும் உள்ளன. ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகளில் எவ்வளவு காட்டை வெட்டினார் என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கலாம். 1851, 1861, 1871 கணக்கெடுப்புகளில் வேளாண்மைக்கெனத் தனித் தாள்கள் உண்டு.

ஆனால் ஒரு வீட்டின் உள்ளே அழைத்துச் செல்வது இறப்புக்குப் பின் எடுத்த சொத்துக் கணக்கு. அக்காலக் கியூபெக்கில் நடைமுறையிலிருந்த பாரிஸ் வழக்காற்றுச் சட்டப்படி கணவன் மனைவியின் தேட்டம் இருவருக்கும் பொது. ஒருவர் இறந்து, மற்றவர் மறுமணம் செய்ய முற்படும்போது, பிள்ளைகளின் பங்கைக் காக்க நொத்தாரிசு வீட்டுக்கு வந்து, அயலார் இருவர் மதிப்புச் சொல்ல, ஒவ்வொரு பொருளாக எழுதுவார்: கைபிடி ஒடிந்த கோடரி, ஒட்டுப்போட்ட கொதிகலம், கொட்டிலில் நிற்கும் கறவைமாட்டின் வயதும் நிறமும், களஞ்சியத்தில் இருக்கும் கோதுமை, கொடுக்க வேண்டிய கடன்கள். கூடவே, உரிய வயதடையாத பிள்ளைகளுக்குப் பாதுகாவலரைத் தெரிவுசெய்ய உறவினரும் நண்பரும் கூடிய ஆவணத்தையும் தேடுங்கள். இன்னார் தாய்மாமன், இன்னார் ஒன்றுவிட்ட சகோதரன் என்று உறவுமுறை அதில் எழுதப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் விடுவிக்க முடியாத முடிச்சை அந்த ஒரு பக்கம் அவிழ்த்துவிடும்.

நொத்தாரிசைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அந்த ஊரில் அக்காலத்தில் யார் தொழில் செய்தார் என்று பார்த்து, அவர் வைத்திருந்த அட்டவணையைப் புரட்ட வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் ஒரு தலைமுறை முழுவதும் ஒரே நொத்தாரிசிடமே போயின. ஏறக்குறைய 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரையான ஆவணங்களுக்குப் பார்ஷமேன் என்ற தரவுத்தளத்தில் பெயரைக் கொண்டே தேடலாம். அதற்குப் பிந்தியவற்றில் பெரும்பாலும் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஒரேயோர் ஆவணத்தை மட்டும் தேட நேரமிருந்தால், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகனுக்குக் காணியை எழுதிக்கொடுத்த நன்கொடை உறுதியைத் தேடுங்கள். முதுமையடைந்த தந்தையும் தாயும் காணியையும் கால்நடைகளையும் ஒரு மகனிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக அவன் தங்களுக்குச் செய்ய வேண்டியவற்றை ஒன்றும் விடாமல் எழுதுவித்தார்கள்: ஆண்டுக்கு இவ்வளவு மா, இவ்வளவு பன்றியிறைச்சி, உப்பு, புகையிலை, வெட்டிப் பிளந்து வாசலில் அடுக்கிய விறகு, கறவைமாடு ஒன்று, அது செத்தால் வேறொன்று, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் செல்லப் பூட்டிய குதிரை, நோயுற்றால் வைத்தியர், இறந்தால் இத்தனை பூசைகள். மகனும் மருமகளும் அவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் எந்த அறை யாருக்கு என்பதுகூடச் சில உறுதிகளில் இருக்கிறது. முழுவதையும் நொத்தாரிசு உரத்து வாசித்துக் காட்டுவார். இறுதி வரியில், தந்தையும் தாயும் மகனும் தங்களுக்குக் கையெழுத்திடத் தெரியாதென்று கூறினார்கள் என்று எழுதிவிட்டு, அவரும் இரண்டு சாட்சிகளும் மட்டும் ஒப்பமிட்டிருப்பார்கள்.